ஓரத்தில் நிறுத்திய டேபிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டின் கார் ஷெட்டில் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பழைய மில்லிங் மெஷினுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கண் போகிற இடத்துக்கு மட்டும்தான் அடித்தார். முன்பக்கம் மாப்பிள்ளை மாதிரி மின்னியது. சுவரைப் பார்த்திருந்த பின்பக்கத்தில் துரு அப்படியே இருந்தது.

அவருடைய மனைவி ஈரத் துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு வந்தவள், நின்று பார்த்தாள்.

"சாயங்காலம் வாங்குறவங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. இப்பப் போய் பெயின்ட் அடிக்கிறீங்க? அதுக்குள்ள காயாதே."

"காயக் கூடாதுன்னுதான் அடிக்கிறேன்" என்றார் அவர், பெருமையாக.

அவளுக்குப் புரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. எங்காவது கடை எரிந்தால், கால் உடைந்தால், ஆள் செத்தால் இவர் போவார். போய், பாதிக்கப்பட்டவர்கள் பாலிசி எடுத்தபோது எதையாவது சொல்லாமல் விட்டார்களா என்று துருவுவார். ஏதாவது அகப்பட்டுவிட்டால் 'உண்மையை மறைத்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்படி எழுதிய நாளில் அவருக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கும். கணவனுக்குச் சர்க்கரை இருந்ததைச் சொல்லாத ஒரு பெண்ணை நிற்க வைத்து, நேர்மையைப் பற்றி வகுப்பு எடுத்து அனுப்பியவர் இவர். ஆபீசில் முதுகுக்குப் பின்னால் 'மோப்பக்காரர்' என்பார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மோப்பக்காரருக்கு ஒரு ஆசை. வீட்டிலேயே ஒரு சின்னப் பட்டறை வைத்து, லீவு நாளில் இரும்பில் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது. ஆனால் முதலில் ஏப்ரன் வாங்கினார், பிறகு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினார், கடைசியில் பழைய மெஷின் விற்கும் புரோக்கர் ஒருவரிடம் போய் நின்றார்.

மில்லிங் மெஷின் என்பது இரும்பைச் சீவி உருக்கொடுக்கும் மெஷின். மேலே கட்டர் சுழலும். கீழே டேபிள் மேல் இரும்பை இறுக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் டேபிள் நகரும். அதை நகர்த்துவது உள்ளே இருக்கும் நீளமான ஸ்க்ரூ. வேலையெல்லாம் நடுவில்தான் நடக்கும் என்பதால் ஸ்க்ரூவும் நடுவில்தான் தேயும். இரண்டு ஓரமும் புதுசு போலவே இருக்கும். நடுவில் தேய்ந்துவிட்டால் டேபிள் ஆடும். ஓடுகிற கட்டர் இழுத்தால் டேபிள் தானாகப் பாயும்.

இது தெரிந்த புரோக்கர் என்ன செய்வான்? டேபிளை ஒரு ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தி வைப்பான்.

"ஆட்டிப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க நிக்கிறதைப் பாத்தாலே தெரியுதே, தொழில் தெரிஞ்சவருன்னு."

தொழில் தெரியாதவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஊரார் மறைத்ததையெல்லாம் மோப்பம் பிடிக்கிற மூக்கு, முகஸ்துதி வந்ததும் அடைத்துக்கொண்டது. ஓரத்தில் நின்ற டேபிளை அங்கேயே ஆட்டிப் பார்த்துவிட்டு, பெரிய மனுஷ தோரணையில் தலையசைத்து வாங்கிக்கொண்டு வந்தார். மனைவியின் ஸ்கூட்டர் ஷெட்டிலிருந்து வெளியேறி மழையில் நனைய ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து டேபிளை நடுவுக்குக் கொண்டுவந்தபோது அது விழப்போகிற பல்லைப் போல ஆடியது. புரோக்கருக்குப் போன் போட்டார்.

"பழைய மெஷின்னா அப்படித்தான் சார் இருக்கும். பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றான் அவன். பிறகு போனை எடுக்கவே இல்லை.

நேரில் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். மோப்பக்காரர் போகவில்லை. எளியவர்களை நிற்க வைத்து அதட்டிப் பழகியவருக்கு, தன்னை ஏய்த்தவன் எதிரே போய் நிற்கக் கால் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் மெஷினை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

"தேஞ்சு போச்சுன்னு சொல்லியே வித்துடுங்களேன்" என்றாள் மனைவி. "வேணுங்கிறவங்க தெரிஞ்சே வாங்கிக்குவாங்க."

"சொன்னா எவன் வாங்குவான்? பழைய இரும்பு விலைக்குக் கேப்பான்."

"நீங்க வாங்கினதும் பழைய இரும்புதானே?"

"எனக்கு யாராச்சும் சொன்னாங்களா? நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?"

இதைச் சொல்லாத வீடு இல்லை. தன்னை ஒருவன் ஏமாற்றிவிட்டால், அந்த நிமிஷமே தனக்கு அடுத்தவனை ஏமாற்ற உரிமை வந்துவிட்டதாக நினைக்கிற கூட்டம் இது. ஏமாற்றியவனிடம் போய்க் கேட்கத் துப்பு இருக்காது. தன்னைவிட ஏமாளி எங்கே அகப்படுவான் என்று தேடுவதில் மட்டும் சுறுசுறுப்பு பொங்கும். மோப்பக்காரர் அன்றே விளம்பரம் போட்டார். 'வீட்டில் மட்டும் உபயோகித்தது, கை படாத நிலை' என்று எழுதினார்.

பெயின்ட் அடித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவள் ஒரு இளம்பெண். கூட அவள் புருஷன், லோடு வண்டி ஓட்டுகிறவன். அவள் ஒரு ஃபேக்டரியில் மில்லிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஃபேக்டரி மூடிவிட்டார்கள். வீட்டின் முன்னறையைக் காலி செய்து, தையல் மெஷின்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கலாம் என்று இருந்தாள். ஒரு கடைக்காரர் ஆர்டர் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

அவள் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். டேபிள் ஓரத்தில் நின்றது. ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றக் கை வைத்தாள்.

"அம்மா, அம்மா, சுத்தாதீங்க. இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன். டேபிள் நகர்ந்தா ஈரம் ஒட்டிக்கும், மெஷின் கெட்டுடும்" என்று பதறினார் மோப்பக்காரர். காலையில் அடித்த பெயின்ட் இதற்குத்தான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"சார், எனக்கு மெஷின் ஓட்டத் தெரியும். வாங்கிப் பழக்கமில்ல. ஃபேக்டரியில அதுக்கெல்லாம் தனி ஆள் இருந்தாங்க. அதனால நேரா கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நடுவுல தேய்மானம் இருக்கா? இருந்தாலும் பரவால்ல. தெரிஞ்சா அதுக்குத் தக்கபடி ஓட்டிக்குவேன்."

இதைவிட மரியாதையாக ஒருவரிடம் உண்மையைக் கேட்க முடியாது. மோப்பக்காரர் சிரித்தார்.

"நான் இன்சூரன்ஸ் ஆபீசரும்மா. மறைக்கிறவங்களைப் பிடிக்கிறதே என் வேலை. நானே மறைப்பேனா? நடுவுல, ஓரத்துல எங்கயும் ஆட்டமே கிடையாது."

வாசற்படியில் நின்ற மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

"உள்ள பால் பொங்குது பாரு."

அடுப்பில் பால் எதுவும் இல்லை. இருந்தும் அவள் உள்ளே போனாள். குடும்பத்துக்குள் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பாள். இப்படி வாயை மூடிக்கொண்டு உள்ளே போகிறவர்களால்தான் ஏமாற்றுக்காரர்களின் பிழைப்பு ஓடுகிறது.

மறுநாள் அவர்கள் வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டர் ஷெட்டுக்குத் திரும்பியது. மோப்பக்காரர் ஆபீசில் தன் சாமர்த்தியத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். வெட்கப்பட வேண்டிய கதையைக் கேட்டுச் சிரிப்பதற்கு எந்த ஆபீசிலும் ஆள் பஞ்சம் இல்லை.

சில நாள் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். வலது கையில் பெரிய கட்டு. சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு குட்டையாக முடிந்திருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மோப்பக்காரர் கட்டைப் பார்த்ததும் உஷாரானார். "பாத்துத்தானே வாங்குனீங்க" என்கிற புரோக்கரின் வசனம் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது.

அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

"உங்க மெஷின் மேல குத்தம் சொல்ல வரல சார்" என்றாள் அவள். "என் கைதான் தொழிலை மறந்துபோச்சு. முதல் நாளே, முதல் துண்டுலயே இப்படி ஆயிடுச்சு. கட்டர் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமே டேபிளை விட்டு ஓட்டுனேன். ஃபேக்டரியில அப்படித்தான் விடுவேன், பளபளன்னு வரும். திடீர்னு டேபிளை கட்டர் இழுத்துக்கிச்சு. கட்டர் ஒடைஞ்சு தெறிச்சு, விரல் நுனி போயிடுச்சு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ஆட்டம் இருக்கிற மெஷின்ல அப்படி ஓட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நடுவுல ஆட்டமே இல்லன்னு நீங்க சொன்னீங்களே, அதை நம்பி ஆட்டிக்கூடப் பாக்கல. அப்போ தப்பு என்னோடதுதான். எங்க தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல. இனிமே இதைத் தொடாதேன்னு அவரு சொல்றாரு. எனக்கும் மெஷின் பக்கம் போகவே பயமா இருக்கு. வேற தொழிலும் தெரியாது. நீங்க திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

மனசாட்சி என்று ஒன்று பேருக்காவது இருந்தால் அந்த இடத்தில் வாய் தானாகத் திறந்திருக்கும். மோப்பக்காரருக்கு வந்தது நிம்மதி. அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, உதவி செய்கிறவரின் குரலில் பேசினார்.

"பழக்கம் விட்டுப்போனா அப்படித்தாம்மா ஆகும். மனசை விடாதீங்க. மெஷினை நான் எடுத்துக்குறேன். ஆனா அடிபட்ட மெஷின் பாருங்க, விலையைக் கொஞ்சம் கொறைச்சுத்தான்..."

மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றிருந்தாள். அவள் கண் அந்தக் கட்டை விட்டு நகரவில்லை. சொம்பைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு அடுப்புல பால் இல்லம்மா" என்றாள்.

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள்.

"நான் உண்மையைச் சொல்லிடக் கூடாதுன்னு என்னை உள்ள அனுப்பினாரு. நானும் போனேன். உன் கை எதையும் மறக்கலம்மா. மெஷின் நடுவுல தேஞ்சது. இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டேபிளை ஓரத்துல நிறுத்தினது, பெயின்ட் ஈரம்னு சொன்னது, எல்லாம் நீ நகர்த்திப் பாத்துடக் கூடாதுன்னுதான்."

"நீ சும்மா இரு" என்றார் மோப்பக்காரர்.

"சும்மா இருந்ததுக்குத்தான் இந்தப் பொண்ணு விரல் போச்சு."

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "என்னையும் ஒருத்தன் ஏமாத்தித்தாம்மா வித்தான். நானும் பாதிக்கப்பட்டவன்தான்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள். மீதி விரல்களை மெல்ல மடக்கி நீட்டினாள்.

"அப்போ என் கை தப்புப் பண்ணல" என்றாள். கண் கலங்கியது. விரல் போன அன்றுகூட அவள் இப்படி அழுதிருக்க மாட்டாள். தனக்குத் தெரிந்த ஒரே தொழிலும் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று இத்தனை நாளாக அவள் வெந்துகொண்டிருந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"தேஞ்ச மெஷின் என் விரலை எடுக்கல சார். தேயாத மெஷின் உலகத்துல ஏது? ஆட்டம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எதிர்ப்பக்கமா ஓட்டியிருப்பேன், விரல் இருந்திருக்கும். நீங்க மறைச்சீங்க பாருங்க, அதுதான் எடுத்துச்சு. உங்களை ஏமாத்தினவனை நீங்க கேட்டிருக்கணும். அதுக்கு பயந்துக்கிட்டு என்கிட்ட தள்ளி விட்டுட்டீங்க. நாம ஏமாந்துட்டோம்ங்கிறது இன்னொருத்தரை ஏமாத்துறதுக்குக் கிடைச்ச லைசென்ஸ் இல்ல சார்."

மோப்பக்காரர் எழுந்தார். தன் வாழ்க்கையிலேயே பெரிய தியாகத்தைச் செய்யப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. குடுத்த பணத்தை முழுசா தந்துடுறேன். ஆஸ்பத்திரிச் செலவையும் பாத்துக்குறேன். நாளைக்கே வண்டி அனுப்பி மெஷினை எடுத்துக்குறேன்."

"ஆஸ்பத்திரிச் செலவைக் குடுங்க. அதோட புது ஸ்க்ரூ ஒண்ணு வாங்கி, மெக்கானிக்கை வெச்சு மாட்டிக் குடுங்க. மெஷினைத் தர மாட்டேன்."

"ஏம்மா? திருப்பி எடுத்துக்கச் சொல்லித்தானே வந்தீங்க?"

"அது தப்பு என்னோடதுன்னு நெனைச்சப்போ. இப்போ அதை உங்க கையில குடுத்தா நீங்க இன்னொரு டப்பா பெயின்ட் வாங்குவீங்க. அடுத்து வர்றவங்களுக்கு எந்த விரல் போகுமோ. உங்களை ஒருத்தன் ஏமாத்தினான், நீங்க என்னை ஏமாத்தினீங்க. நான் யாரையும் ஏமாத்தப் போறதில்ல. இது என் வீட்டோட நிக்கட்டும்."

அவள் படியிறங்கினாள். அவளை வீட்டில் கொண்டுபோய் விட, மனைவி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"இருங்க" என்றார் அவர். "நானும் வரேன்."

"நீங்க போய் ஸ்க்ரூ வாங்குற வழியைப் பாருங்க" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.