இன்னும் பதினெட்டு நாள்

"ஐயோ, மூச்சு நின்னுடுச்சு!"

கட்டிலருகே இருந்த, குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் சின்ன இயந்திரம் கீகீ என்று அலறியது. கத்திய மருமகள் ஓடப் பார்த்தாள், முடியவில்லை. அவள் வயிற்றில் தலையணையை வைத்து மாமியார் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நாடாவின் ஒரு முனை இன்னும் மாமியார் கையில் இருந்தது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா பதறவில்லை. குழந்தையின் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். இன்னொரு முறை சுண்டினாள். மூன்றாவது முறை சுண்டியதும் அது முகத்தைச் சுளித்து, மூச்சை இழுத்து, மெலிந்த குரலில் அழுதது.

"அழுதுட்டா! அழுதுட்டா! என் ராசாத்தி, கோவம் வந்துடுச்சா?" என்று ஆயாம்மா சிரித்தாள்.

மாமியார் சன்னலுக்கு ஓடினாள். தெருவுக்குக் கேட்கும்படி கத்தினாள்: "சீ! இந்தப் பூனைக்கு வேற வேலையே இல்ல!"

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கல்யாணமாகி ஏழாம் மாதமே பிறந்துவிட்டது குழந்தை. அது செய்த குற்றம் அவ்வளவுதான். வெளியூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது நாள் கிடந்து, பிழைத்து, இரண்டு கிலோவைத் தொடாமலே வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் விரல்விட்டு எண்ணும். ஏழு என்று வந்தால், கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னவோ என்று கிசுகிசுக்கும். ஆகவே மருமகள் இன்னும் பிள்ளைத்தாய்ச்சி. ஒன்பது மாதமும் பத்து நாளும் நிறைய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதன் பிறகுதான் குழந்தைக்குப் பிறக்க அனுமதி!

இந்த யோசனை மாமியாருடையது. எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் விரல் மடக்குகிறவள் அவள்தான். அதனால் அவளுக்குக் 'காலண்டர்' என்றே பெயர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது லேசா? மருமகள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு கூட்டிச் சுற்றிய தலையணையோடு அவள் வேலைக்குப் போக வேண்டும். பால் கட்டி வலிக்கும்போது கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிப் புட்டியில் பிடித்துவர வேண்டும். "ரெட்டைப் பிள்ளையாம்மா?" என்று பயணிகள் கேட்டால் வெட்கப்படவும் வேண்டும்.

ஆயாம்மா குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். ஆனால் தெருவுக்கு அவள் தையல்காரி. பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி தைக்க வந்தவளாம். விடுவார்களா? எதிர்வீட்டு மளிகைக்காரம்மா கணவரின் கால்சட்டையைக் கொண்டுவந்து நீளம் குறைக்கச் சொன்னாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஆயாம்மா, குழந்தையின் மூக்குக் குழாயை ஒட்டும் பிளாஸ்திரியால் ஓரத்தை மடித்து ஒட்டிக் கொடுத்தாள். அது மூன்று நாள் தாங்கியது. குழந்தையின் அழுகையைப் பூனைச் சத்தம் என்றே நம்பிய அதே மளிகைக்காரம்மா, பூனை குட்டி போட்டிருந்தால் ஒன்று தனக்கு வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று வியாழக்கிழமை. ஆயாம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னிக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும்மா. குறைமாசப் புள்ளைங்களுக்கு இந்த வாரம் பார்த்தே ஆகணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. தவறினா பார்வை போயிடும்."

"பதினெட்டு நாள் பொறுக்க மாட்டியா? அப்புறம் மேளம் அடிச்சே கூட்டிட்டுப் போவோம்."

"கண்ணுக்குக் காலண்டர் தெரியாதும்மா."

மருமகள் கைப்பையைக் கீழே வைத்தாள். "நான் இன்னிக்கு வேலைக்குப் போகல அத்தை. நானும் வர்றேன்."

பேசிப் பேசிக் கடைசியில் மாமியார் இறங்கி வந்தாள், நிபந்தனையோடு. யார் கேட்டாலும் குழந்தை ஆயாம்மாவின் பேத்தி. மாமியாருக்குக் கண் மங்கல். மருமகள் துணைக்கு வருகிறாள். ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் எடுக்கக் கூடாது, யாராவது படித்துவிடுவார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கார் கிளம்பும் நேரத்தில் மளிகைக்காரம்மா கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணாஸ்பத்திரிக்கா? நல்லதாப் போச்சுக்கா, எனக்கும் கண்ணாடி மாத்தணும். அட, தையக்காரம்மா, இது யாரு?"

"பேத்தி," என்றாள் ஆயாம்மா.

"அம்மாடி, எலிக்குஞ்சு மாதிரி இருக்கே! அழுதா நம்ம பூனை சத்தம் மாதிரியே இருக்கும் போலிருக்கு!"

வழியெல்லாம் மாமியார் வாயே திறக்கவில்லை. அந்த வாய்க்கு அது பெரிய விரதம்.

ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிறவர் தலைநிமிராமல் கேட்டார். "குழந்தை எத்தனை மாசத்துல பொறந்தது?"

"ஒன்பது!" என்றாள் மாமியார். பழக்கதோஷம். மளிகைக்காரம்மா வேறு பக்கத்திலேயே நிற்கிறாள்.

"நிறைமாசமா? அப்ப போயிட்டு வாங்க. இந்த வரிசை குறைமாசக் குழந்தைங்களுக்கு மட்டும்தான்." அவர் தாளை ஓரமாகத் தள்ளினார். "அடுத்து யாரு?"

ஆயாம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் மருமகள் முன்னால் வந்துவிட்டாள்.

"சார், ஏழு மாசம். ஏழு மாசத்துல பொறந்தவ."

"யாருங்க நீங்க? குழந்தையோட அம்மா கையெழுத்து போடணும். அம்மா எங்க?"

"நான்தான்."

பதிவு எழுதுகிறவர் குழந்தையைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், மறுபடியும் குழந்தையைப் பார்த்தார். "என்னம்மா விளையாடுறீங்களா?"

மருமகள் பின்னால் கைவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். தலையணையை உருவி அவர் மேசைமேல் வைத்தாள். சுற்றியிருந்த மூன்று துண்டுகளையும் மடித்து அதன்மேல் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் வாய் பிளந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அவளுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு நாளாக அடக்கி வைத்த சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மளிகைக்காரம்மாவின் கட்டைவிரல் தன்னையறியாமல் மற்ற விரல்களைத் தொடத் தொடங்கியது.

"எண்ணுங்க ஆன்ட்டி, நல்லா எண்ணுங்க. கல்யாணமாகி ஏழாம் மாசம் பொறந்தா. பொறந்து அம்பத்திரண்டு நாள். வீட்டுக்கு வந்து மூச்சு நின்னது பதினோரு தடவை. விரல் பத்தலன்னா சொல்லுங்க, என் விரலைத் தர்றேன்."

மளிகைக்காரம்மா கையைக் கீழே போட்டாள்.

"அம்மா, அந்தத் தலையணையைக் கொஞ்சம் எடுங்க. முத்திரை குத்த இடமில்ல," என்றார் பதிவு எழுதுகிறவர்.

டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: "இடது கண்ணுல ரத்தக்குழாய் தாறுமாறா வளருது. இன்னிக்கே லேசர் வெச்சுடறேன், காப்பாத்திடலாம். நல்ல வேளை வந்தீங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தா அந்தக் கண்ணு போயிருக்கும்."

ஆயாம்மா மருமகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "நம்ம ராசாத்தி பார்ப்பா! எல்லாரையும் முறைச்சுப் பார்ப்பா!" இருவரும் குழந்தையோடு உள்ளே போனார்கள்.

வெளியே பெஞ்சில் மாமியாரும் மளிகைக்காரம்மாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்க்கா இப்படி மறைச்சீங்க? பச்சப் புள்ளைய?"

"நீங்கல்லாம் எண்ணுவீங்களேன்னுதான்," என்றாள் மாமியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நாங்களா? என் மருமக புள்ளை பெத்தப்ப எங்க வாசல்ல நின்னு விரலை மடக்குனது யாருக்கா? எட்டுன்னு எல்லாரும் கேக்கச் சொன்னது யாரு? ரெண்டு வருஷமாச்சு. அவ இன்னும் தெருப்பக்கம் வர்றதில்ல. காய்கறி வாங்கக்கூட நான்தான் வர்றேன், பார்த்திருப்பீங்களே."

மாமியார் மடியில் கிடந்த தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"நாளைக்கு... நான் வந்து அவளைப் பார்க்கட்டுமா?"

மளிகைக்காரம்மாவும் அந்த விரல்களைப் பார்த்தாள்.

"வாங்கக்கா. கையைக் கட்டிக்கிட்டு வாங்க."