ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்

“பாலம் வந்துடுச்சுப்பா. ஆத்துப் பாலம். நாம தாண்டப்போறோம், கூடவே வாங்க.”

ஆம்புலன்ஸ் குலுக்கலில் அப்பாவின் காதருகே குனிந்து பெய்யூன் சொன்னாள். வழியில் வரும் ஒவ்வொரு பாலத்தையும் திருப்பத்தையும் இப்படிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் உயிர் வழி தெரியாமல் நடுவில் நின்றுவிடும். காவ்ஷியுங் ஆஸ்பத்திரியிலிருந்து பிங்டுங் வீட்டுக்கு நாற்பது நிமிடம். அப்பாவின் வாயில் செருகியிருந்த குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் பை. ஆம்புலன்ஸ்காரர் அதை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அவர் அமுக்கும்வரை அப்பாவுக்கு மூச்சு உண்டு. கடைசி மூச்சை வீட்டுக்குள் விட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

தம்பி செங்யே எதிரில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்திருந்தான். “வீடு வரைக்கும் தாங்குவாரா?” என்று கேட்டான்.

“நா இருக்கேன்ல? கொண்டு சேர்த்துடலாம்,” என்றார் ஆம்புலன்ஸ்காரர். அவருக்கு இது அன்றைய முதல் சவாரி.

அப்பா ஃபாங் ஜின்ஷுய்க்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்தைந்து வருடம் மாடி மாடியாக காஸ் சிலிண்டர் சுமந்தவர். பதினொரு நாளைக்கு முன் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் பிள்ளைகள் இருவரையும் ஓரமாக அழைத்துப் பேசினார். குழாய் போட்டால் சில நாள் ஓடும், மருந்து கேட்டால் கேட்கலாம். போடாவிட்டால் இன்று தாண்டாது. எதைச் சொன்னாலும் தப்பில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். செங்யே, “அவரைப் படுத்த வேணாமேக்கா,” என்று இழுத்தான். பெய்யூன்தான் அடித்துப் பேசினாள். இங்கேயே முடிந்துவிட்டால் வாசற்படிக்குள் கொண்டுவர ஊர் வழக்கம் விடாது. தெருவில் பந்தல் போட்டு அப்பாவை அதில் கிடத்துவதா?

“எப்படியானாலும் வீட்டுக்கு வரணும்னுதான் அப்பா நெனைப்பார். எனக்குத் தெரியும்டா.”

“சரி. நீதானே அவரோட பேசறவ,” என்று செங்யே விட்டுக்கொடுத்தான்.

பேசுவது என்றால் சினிமாப் பேச்சு. வேறு எதையும் ஜின்ஷுய் யாரிடமும் வாய்விட்டுப் பேசியதில்லை. வேலையை விட்ட பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல் ஊர்ப் பழைய தியேட்டருக்குப் போய்விடுவார். பெரிய தியேட்டர்களில் ஓடிக் களைத்த படங்கள் அங்கே வரும், ஒரே டிக்கெட்டில் இரண்டு. முதலில் ஓர் அடிதடிப் படம், பிறகு ஒரு குடும்பப் படம். திரும்பும் பஸ்ஸிலேயே போனைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, ஷின்சூவில் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகளுக்குக் குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்துவிடுவார். எழுத்துக் கூட்டி அடிக்க அவருக்கு வராது. பேசினால் ஐந்து நிமிடம். முடிவில் “நீ என்ன நெனைக்கிற?” என்று கேட்டுவிட்டு, எதிரில் ஆள் இருப்பதுபோலக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அதன் பிறகுதான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பார்.

குழாய் போட்ட பிறகு அந்தப் பேச்சும் போயிற்று. பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைக்கும் தடித்த உறை மாட்டிக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பெய்யூன் உள்ளே வந்தால் அப்பாவின் கண்கள் அவளை விடாது. ஒரு நாள் நர்ஸிடம் கெஞ்சி ஒரு கையை அவிழ்க்கச் சொன்னாள். அப்பா அவள் உள்ளங்கையில் விரலால் எதையோ கீறினார். எழுத்தா கோடா, புரியவில்லை. “வீட்டுக்குத்தானேப்பா? கூட்டிட்டுப் போறேன், கட்டாயம் கூட்டிட்டுப் போறேன்,” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகிவிட்டார் என்று அவள் வெளியே வந்து தம்பியிடம் சொன்னாள்.

வீட்டில் அம்மா முன்னறையைக் காலி செய்து பலகை போட்டு வைத்திருந்தாள். “வந்துட்டீங்களா? வந்துட்டீங்க. நம்ம வீடுதான்,” என்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ்காரர் கன்னத்துப் பிளாஸ்திரிகளை உரித்து, ஒரே இழுப்பில் குழாயை உருவினார். உதட்டோரம் புண்ணாகிக் கறுத்திருந்தது. அப்பாவின் மார்பு நாலைந்து முறை தானாக ஏறி இறங்கிற்று. பத்தரைக்கு நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

பெய்யூன் அதை மூடக் கையை நீட்டினாள். “தொடக் கூடாதும்மா,” என்று கோயிலிலிருந்து வந்திருந்த லியாவ் அம்மாள் தடுத்தாள். சாவு வீட்டுக்கு நாமம் சொல்ல வருகிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஆளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கண்டிப்பு. “எட்டு மணி நேரம். சாயங்காலம் ஆறரை வரைக்கும் யாரும் தொடாதீங்க, மேல கண்ணீர் விழக் கூடாது. காது மட்டும் இன்னும் கேட்டுட்டிருக்கும். மனசு கலங்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க, போற வழி கெட்டுடும். நல்லதைச் சொல்லுங்க, இல்லேன்னா நாமம் சொல்லுங்க.”

நமோ அமித புத்தா என்ற நாமம் முன்னறையில் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. முறைவைத்துச் சொன்னார்கள். நாலு மணிக்கு அம்மா, “போய் ரெண்டு வாய் கஞ்சி குடிடி, விழுந்து தொலைக்கப்போற,” என்று பெய்யூனை எழுப்பி அனுப்பினாள்.

கஞ்சி இறங்கவில்லை. பெய்யூன் பின்கட்டில் துணி துவைக்கும் மெஷினில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள். அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அவர் பெயரைத் தட்டி மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு குரல் செய்திக்குக் கீழும் அவளுடைய பதில் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு கரடிப் படம், கூட “எனக்கும் அதேதான்பா” என்று ஒரு வரி.

முதல் வருடம் அவள் நிஜமாகவே படங்களைப் பார்த்தாள், சண்டையும் போட்டாள். பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வந்தது. படம் பார்ப்பது நின்றது. அப்புறம் கேட்பதும் நின்றது. ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது? கரடியைத் தட்டிவிட்டால் அப்பாவுக்குச் சந்தோஷம். இரண்டு வருடமாகக் கரடிதான் அவரோடு சினிமா பேசிக்கொண்டிருந்தது.

ஏதோ ஒன்றைத் தட்டினாள். பஸ் இரைச்சல், அதன் மேல் அப்பா.

“இன்னிக்கு ஹீரோ அறுபது பேரை அடிச்சான், நா எண்ணினேன். சட்டை கசங்கல! நா ஒத்த சிலிண்டரைத் தூக்கிட்டு மூணாம் மாடி ஏறினா சட்டையைப் பிழியலாம். போகட்டும், அந்தக் கார் பாலத்துலேருந்து குதிக்குது பாரு, அது நல்லாருந்துச்சு. நீ என்ன நெனைக்கிற?”

பெய்யூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்ததைத் தட்டினாள். வில்லன் சாகும்போது இவ்வளவு பேசுவானா, அவனுக்கு மூச்சு எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு செய்தி. கதாநாயகியின் மாமியார் நடிப்பு பிரமாதம், நம் பக்கத்து வீட்டுக்காரியை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று இன்னொன்று. அப்படியே மார்ச் மாதத்துக்கு வந்தாள்.

“அடிதடிப் படத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல, தூங்கிட்டேன். ரெண்டாவது படத்தைச் சொல்றேன். தீவுல ஒரு கிழவன், மீன் புடிக்கிறவன். சாகக் கெடக்கான். புள்ளைங்க வாயில குழாயைச் சொருகி, பையை அமுக்கிக்கிட்டே படகுல வீட்டுக்குக் கொண்டாறாங்க. தியேட்டர்ல எல்லாரும் மூக்கைச் சிந்துறாங்க, ஆகா என்ன பாசம்னு. எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அந்தக் கிழவன் கண்ணை ஒருத்தனும் பாக்கலயா? கையைக் கட்டிப் போட்டிருக்காங்க, ஒரு வார்த்தை சொல்ல முடியல அவனால. வீட்டு வாசல்ல என்ன இருக்கு? என்னைக் கேட்டா, இருக்குற எடத்துலயே, குழாயும் கிழாயும் இல்லாம, யாராவது கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தாப் போதும். தெருவுல கெடத்தினாலும் சரிதான். நா படத்தைத்தான் சொல்றேன். நீ என்ன நெனைக்கிற?”

பஸ் ஓடும் சத்தம். எங்கோ மணி அடித்து யாரோ இறங்கினார்கள். அப்பா காத்திருந்தார்.

கீழே கரடி. எனக்கும் அதேதான்பா.

அதற்கும் கீழே அன்றைக்கே ஒரு சின்னச் செய்தி. இருபது விநாடி.

“நீயும் அதையே நெனைக்கிறது நல்லதாப் போச்சு. அம்மாகிட்ட இந்தப் பேச்சை எடுத்தா வாயைப் பொத்துவா. தம்பி அழுதுடுவான். உனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

பெய்யூன் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. பதினொரு நாள். கட்டிய கையோடு அந்தக் கண்கள் அவளைத் தொடர்ந்து தொடர்ந்து வந்தது எதற்காக என்று இப்போது தெரிந்தது. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள்.

மணி ஐந்தேகால். காது இன்னும் கேட்கும் என்றால் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது.

ஓடிப்போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். “மன்னிச்சிடுங்கப்பா” என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் எதற்கு மன்னிப்பு என்று சொல்ல வேண்டும். மகளுக்குத் தெரியும், தெரிந்தே இப்படிச் செய்துவிட்டாள் என்ற நினைப்போடு அவர் படுத்திருக்கிறார். இல்லை, தெரியாது, நீங்கள் பேசிய எதையும் நான் கேட்கவே இல்லை என்று சொன்னால், இரண்டு வருடம் பஸ்ஸில் உட்கார்ந்து கரடியிடம் பேசிக்கொண்டு வந்தது அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிம்மதியாகப் போவார்? அவளால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சென்ற முறை தேர்ந்தெடுத்ததுதான் இங்கே கிடந்தது.

“அப்பா,” என்றாள்.

லியாவ் அம்மாள் நாமத்தை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். கலங்கின குரல் வேண்டாம் என்று அர்த்தம். பெய்யூன் மற்றவர்களோடு சேர்ந்து நமோ அமித புத்தா என்றாள். கடிகாரம் ஆறைத் தொட்டது. ஆறே கால். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நாமம்தான் வந்தது. ஆறரைக்கு லியாவ் அம்மாள் சிறிய மணியை ஒருமுறை தட்டி, கைகூப்பி எழுந்தாள்.

“ஆச்சு. இனிமே தொடலாம்.”

அம்மா இரண்டு நாணயங்களை எடுத்துச் செங்யேயிடம் கொடுத்தாள். “கேளுடா. வீட்டுக்கு வந்ததுல அவருக்குத் திருப்திதானான்னு கேளு.”

செங்யே முழந்தாளிட்டு, “அப்பா, நாங்க செஞ்சதெல்லாம் உங்களுக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டு நாணயங்களை விட்டெறிந்தான். ஒன்று பூ, ஒன்று தலை. இரண்டும் வேறுவேறாக விழுந்தால் சம்மதம், அது எடுத்த எடுப்பிலேயே விழுந்தது. மூன்று முறை, நான்கு முறை போட்டும் வராமல் குடும்பமே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற வீடுகளை லியாவ் அம்மாள் பார்த்திருக்கிறாள். “ரொம்ப நல்ல சாவு,” என்றாள்.

செங்யே எழுந்துவந்து அக்காவின் தோளைத் தொட்டான். “நீ சொன்னதுதான்க்கா சரி. நா அன்னிக்கு வேணாம்னே நின்னிருந்தா இந்நேரம் நெஞ்சு வெடிச்சிருக்கும்.”

பெய்யூன் அவன் முகத்தைப் பார்த்தாள். பதினொரு நாளில் முதல்முறையாக அது தெளிந்திருந்தது. போன் அவள் சட்டைப்பையில் இருந்தது.

“போய் வெந்நீர் எடுத்துட்டு வாடா,” என்றாள்.

விறைத்துப்போன தாடைக்கு வெந்நீரில் நனைத்த துண்டு வைத்தால் இளகும், பிறகு மூடிவிடலாம் என்று லியாவ் அம்மாள் சொல்லிக்கொடுத்தாள். பெய்யூன் துண்டைப் பிழிந்து அப்பாவின் முகவாயைச் சுற்றி வைத்து, உள்ளங்கையால் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் போட வேண்டிய புதுச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“பெய்யூன்,” என்றாள் அம்மா, சட்டையைப் பார்த்தபடியே. “என் காலம் வர்றப்பவும் நீயே முடிவு பண்ணும்மா. எனக்குப் படிச்ச டாக்டரோடெல்லாம் பேச வராது. அப்பாவைக் கொண்டாந்த மாதிரியே என்னையும் கொண்டாந்துடு.”

“சரிம்மா.”

துண்டு ஆறிவிட்டிருந்தது. பெய்யூன் மெல்லக் கையை எடுத்தாள். அப்பாவின் வாய் திரும்பத் திறந்துகொண்டது. அவள் துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து வைத்து, மறுபடியும் முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.