பம்பரின் நடுத்துண்டு

பம்பரை முதலில் அறுத்தது சந்திரமதிதான்.

அவள் புருஷன் மருதமுத்து ஐஸ் லாரி ஓட்டப் போயிருந்த பகல் நேரம். மலாக்கா டவுனின் காஜா பேராங்கில் அவர்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டின் பக்கவாட்டில், ரம்புத்தான் மரத்தடியில் ஸ்டேஷன் வேகன் நின்றிருந்தது. சந்திரமதி கோணிச்சாக்கை விரித்து வண்டிக்குப் பின்னால் குந்தினாள். இரும்பறுக்கும் ஹேக்ஸாவை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடிபோல் மின்னிய பின்பம்பரின் விளிம்பில் வைத்து இழுத்தாள். இரும்பு கிறீச்சிட்டது. வேலியோரம் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் திரும்பவே இல்லை. இரண்டு பிளேடு முறிந்தது. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு மறுபக்கம் போனாள். மூன்று மணிக்கு நடுத்துண்டு தொங்கி, பிறகு மண்ணில் விழுந்தது.

அந்த பம்பர்தான் மருதமுத்துவுக்கு உயிர். ஒன்பது வருஷம் தோட்டத்துத் துரைக்கு அந்த வண்டியை ஓட்டியவன் அவன். மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் பெற்ற நாளுக்கு, முந்தின மாதம் துரை கப்பலேறியபோது வண்டியை அவனிடமே விட்டுப்போனார். டவுனுக்குக் குடிவந்த பிறகும் ஞாயிறு தவறாமல் சாம்பலும் துணியும் வைத்து பம்பரைத் தேய்ப்பான். லைசென்ஸ் வாங்கி டாக்சி ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

சந்திரமதிக்கு வேறு எண்ணம். அது அவள் அம்மா அஞ்சலை செத்த அன்று பிறந்த எண்ணம்.

ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அஞ்சலை கண்ணை மூடினாள். டவுனில் ஈமச் சங்கம் ஒன்று இருந்தது. கண்ணாடி வைத்த கறுப்பு வண்டி, டிரைவர், மாலை, எல்லாம் அவர்களிடம் உண்டு. மருதமுத்து போய்க் கேட்டான். மெம்பர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். மெம்பராகச் சேருகிறேன் என்றான். பூர்வீகம் எது, என்ன ஆட்கள் என்று விசாரித்தார்கள். அவன் தோட்டத்துக் கூலி லயத்தின் பெயரைச் சொன்னதும், விண்ணப்பப் பாரத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போ, கமிட்டி பார்க்கும் என்றார்கள். பிணம் கமிட்டிக்குக் காத்திருக்குமா? கடைசியில் கரி ஏற்றும் லாரிதான் கிடைத்தது. சுடலையில் இறக்கும்போது அம்மாவின் வெள்ளைச் சேலை முழுக்கக் கரி. அள்ளிய தண்ணீரால் தட்டித் தட்டித் துடைத்தாள் சந்திரமதி. போகவில்லை.

நாலரைக்கு மருதமுத்து வந்தான். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வண்டியின் பின்பக்கம் பார்த்தான். குனிந்து, மண்ணில் கிடந்த நடுத்துண்டின் தூசியைத் தட்டினான்.

"ஒம்போது வருசம் தொடைச்சேன்," என்றான் பிறகு.

"தெரியும். அதான் நீங்க அறுக்க மாட்டீங்கன்னு நானே அறுத்தேன்."

"டாக்சின்னா நாலு பேரு ஏறுவான். பொணக்காடியில எவன் ஏறுவான்?"

"ஏறுறவன் ஒண்ணும் கேக்க மாட்டான். ஏத்தி விடுறவங்கதான் கேப்பாங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"அதுக்கு பம்பர் என்னா பண்ணிச்சு?"

"பின்கதவ எறக்கினா பம்பர்ல இடிச்சுச் சரிஞ்சு நிக்குது. பாடைய எப்படி உள்ள தள்ளுறது? தூக்குறவனுக்கு முட்டி பேந்துரும். எங்கம்மாவ லாரியில தூக்கிப் போட்டாங்க பாத்தீங்கள்ல. இனிமே யாரையும் தூக்கிப் போடக் கூடாது."

மருதமுத்து வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. அவன் எழுந்து வண்டிக்குப் பின்னால் குனிந்து, வெட்டு விழுந்த இடத்தை விரலால் தடவினான்.

"எடது பக்கம் கோணலா அறுத்திருக்க," என்றான். "அரம் எங்க?"

அதற்குமேல் அவர்களுக்குள் வாக்குவாதம் இல்லை.

பக்கத்து வீட்டுச் சொக்கப்பன் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே அங்கே வேரூன்றிய வம்சம். சைக்கிள் பழுது பார்ப்பவர். அவர் வீட்டுப் பேச்சு மலாய். சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான் தமிழில் முழுசாகத் தெரியும். வேலியில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், மறுநாள் தானாகவே உள்ளே வந்தார். அறுத்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "போலே, போலே," என்றார். முடியும் என்று அர்த்தம். தம் பட்டறையிலிருந்து நாலு பழைய சைக்கிள் சக்கர ஹப்புகளையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் கொண்டுவந்தார்.

மூன்று வாரம் சாயங்காலங்களில் வேலை நடந்தது. நடுத்துண்டை மறுபடி அதே இடத்தில் பொருத்தினார்கள், ஆனால் கீல் வைத்து. மூடியிருந்தால் பார்வைக்கு வெறும் பம்பர். இழுத்து மடக்கினால் பலகைபோல் வெளியே நீளும். அதன் உள்பக்கத்தில் குழாயை இரண்டாக வெட்டி, முனைகளில் ஹப்பை வைத்து, சுழலும் உருளைகளாக்கினார் சொக்கப்பன். பாடையின் முனையை உருளைமேல் வைத்தால் போதும், ஒரு கையால் தள்ளலாம். முன்பம்பரில் மாலை கட்ட இரண்டு கொக்கிகளை மருதமுத்து தானே அடித்து வளைத்துப் போட்டான். வெட்டிய ஓரங்களை அரத்தால் தேய்த்தான். பளபளப்பு திரும்பவில்லை. வெள்ளிப் பெயிண்டு அடித்தான்.

சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. மூட்டையை வைத்துத் தள்ளலாம் என்றான் மருதமுத்து.

"மூட்டை வலிக்குதுன்னு சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, பாடைக்குப் பதிலாக ஒரு முனை உருளையிலும் மறுமுனை முக்காலியிலுமாக வைத்திருந்த நீளப் பலகையில் சந்திரமதி மல்லாந்து படுத்தாள்.

"எந்திரி புள்ள. உசுரோட படுக்கிற எடமா இது?"

"தள்ளுங்க."

அவன் அசையவில்லை. சொக்கப்பன்தான் தள்ளினார். பலகை உருளைமேல் ஏறி, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். உள்ளேயிருந்து சந்திரமதியின் குரல் வந்தது. "கால்மாட்டுல இன்னும் ரெண்டு இஞ்சு எடம் வேணும். கெழவன் நெட்டையா இருந்தா கதவு மூடாது."

இதற்குள் சேதி டவுனெல்லாம் பரவியிருந்தது. அடுத்த வாரமே ஈமச் சங்கத்துச் செயலாளர் கலியாணசுந்தரம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. வீட்டுக்குள் வரவில்லை. வேகனைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மருதமுத்து, இதெல்லாம் முறையில்ல. சங்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்குங்கய்யா," என்றாள் சந்திரமதி. "எங்களுக்கு இல்ல."

அவர் அவளைப் பார்க்காமல் மருதமுத்துவிடமே பேசினார். "காடிய சங்கத்துக்குக் குடுத்துரு. தேவைப்பட்டா உங்க ஆளுங்களுக்கும் அனுப்புறோம். ஆனா கோயில் ரோட்டுல வராது. பின்னால சந்து வழியாத்தான்."

மருதமுத்து தலையைச் சொறிந்தான். துரையிடம் ஒன்பது வருஷம் 'எஸ் சார்' சொல்லிப் பழகிய கழுத்து அது.  பதிலைத் தான் சொல்லக் கூடாது, அவன்தான் சொல்ல வேண்டும் என்று சந்திரமதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்துல காடி திரும்பாதுங்க," என்றான் மருதமுத்து. பிறகு நிமிர்ந்தான். "திரும்பினாலும் போகமாட்டேன்."

"மெர்டேக்கா வந்துட்டா எல்லாரும் ஒண்ணாயிருவோமா?" என்றார் கலியாணசுந்தரம்.

"ஒண்ணாக வேணாங்க," என்றாள் சந்திரமதி. "ரோடு ஒண்ணுதானே."

கலியாணசுந்தரம் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாளில், எழுதிப்போட்ட புகார் ஒன்றைக் கையில் பிடித்தபடி வண்டிச் சோதனை அதிகாரி வந்து நின்றார். பம்பரை அறுத்து ஆபத்தாக மாற்றியிருக்கிறார்கள் என்று புகார். அதிகாரி ஒரு மலாய்க்காரர். நடுத்துண்டைத் திறந்தார், மூடினார், பூட்ஸ் காலால் ஓங்கி உதைத்தார். கீல் விட்டு அது பாதி திறந்துகொண்டது. ஓடும்போது இப்படித் திறந்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன என்று மலாயில் கேட்டார். கேள்வி நியாயம்தான். மருதமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எவ்வளவு நாள் தருவீங்க?" என்று சந்திரமதி மலாயிலேயே கேட்டாள்.

இரண்டு நாள் என்றார்.

சொக்கப்பன் இரண்டு பக்கமும் துளை போட்டார். துளையில் அடிக்கக் கட்டைவிரல் தடிமனில் இரும்பு முளை செய்து, அது தொலையாமல் சங்கிலி கோத்தார்கள். மூன்றாம் நாள் அதிகாரி வந்து ஐந்து தடவை உதைத்தார். பம்பர் அசையவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தாம் இதுவரை பார்த்ததிலேயே உறுதியான பம்பர் இதுதான் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

முதலில் ஏறியவள் தெருக்கூட்டும் கணேசமூர்த்தியின் மனைவி. புக்கிட் பாரு முனிசிபல் லயத்திலிருந்து அவனே ஓடி வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் பாடையைத் தூக்கி வந்து உருளைமேல் வைத்தார்கள். கணேசமூர்த்தி ஒருவனே தள்ளினான். சத்தமில்லாமல் போனது. அவன் தன் கையை ஒருமுறை பார்த்தான், பிறகுதான் அழுதான்.

காலை பத்து மணி. கடைகள் திறந்திருந்தன. முன்சீட்டில் சந்திரமதி. அதுவே பெரிய பேச்சாகும் என்று அவளுக்குத் தெரியும். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அம்மாவோடு லாரியில் போனதற்கே அவளை ஏசியிருந்தார்கள். முச்சந்தியில் மருதமுத்து வேகத்தைக் குறைத்தான்.

"நேரா போங்க," என்றாள்.

கோயில் ரோட்டில் நேராகப் போனார்கள். சங்க வாசலில் கலியாணசுந்தரமும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ஒருவர் ஏதோ கத்தினார். மருதமுத்து ஹாரனைத் தொடவில்லை, அவசரப்படவும் இல்லை. நடந்துவருகிறவர்களின் வேகத்தில் ஓட்டினான். வேகனுக்குப் பின்னால் முனிசிபல் லயத்து ஆட்கள் அறுபது எழுபது பேர் நடந்தார்கள். சங்கத்துக்காரர்களில் வயதான ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். சந்திரமதி யாரையும் பார்த்துக் கும்பிடவில்லை, தலையைக் குனியவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பிணவண்டி நிற்கிற வீட்டுக்குப் பக்கத்தில் யாரும் குடிவர மாட்டார்கள் என்றார். சந்திரமதி கெஞ்சவில்லை. தெங்கேராவில் கடலோரம் ஒரு வீடு கிடைத்தது.

வீடு மாற லாரி பேசலாமா என்று மருதமுத்து கேட்டான். எதற்கு என்றாள். அண்டா, பாய், அம்மி, சாமி படம், எல்லாவற்றையும் வேகனிலேயே ஏற்றினாள். தெருவே வாயைப் பிளந்தது. சொக்கப்பனின் மனைவி அழகம்மை மட்டும் வேலியைத் தாண்டி வந்து அம்மியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதை உருளைமேல் வைத்தார்கள். மருதமுத்து முளையை அடித்து, சங்கிலியை மாட்டி, வண்டியைக் கிளப்பினான்.