புலி வாடைக்கு ஒரு தொட்டி

மான் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளைக்குத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான மறு வருஷமே மிருகக்காட்சிசாலையில் அவரை மான் பட்டியிலிருந்து எடுத்துப் புலிக்கூண்டுக்குப் போட்டுவிட்டார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது, அவள் தூக்கம் மொத்தமாகப் போனது. அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் புலிக்காரர் என்றே பெயர். பிறகு பிறந்த மகளுக்கும் தெரு வேறு பெயர் தேடவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவள் புலிக்குட்டிதான்.

மனைவி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினாள். காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது வாசலில் நிற்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகும். நடுவில் போன் அடித்துவிட்டால் போச்சு, கையில் இருப்பது தரையில் கிடக்கும். என்னைப் புலி தின்றுவிட்டால் எப்படியும் உனக்குச் சொல்லி அனுப்புவார்கள், அதுவரைக்கும் நிம்மதியாக இரேன் என்று அவர் கேலி பண்ணுவார். அவளுக்குச் சிரிப்பு வராது.

உண்மையைச் சொன்னால், அவரைப்போல ஜாக்கிரதையான ஆள் அந்தக் காட்சிசாலையிலேயே கிடையாது. புலியைப் பின்னறைக்கு அனுப்பி, நடுக்கதவை இறக்கி, பூட்டை இழுத்துப் பார்த்து, "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூட்டாளி வந்து தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்து அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் முன்னறையில் கால் வைக்கலாம். உள்ளே போனதும் அவர் முதலில் தொடுவது தண்ணீர்த் தொட்டியைத்தான். அடைப்பைப் பிடுங்கி விட்டு, பிரஷ் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிப்பார். நேற்றுப் பிடித்த தண்ணீரை இன்றைக்குப் புலி குடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அவர்தான் பாடம் எடுப்பார். "உறுமுறப்ப பயப்படாத. சும்மா படுத்துக் கிடக்குது பாரு, அப்பதான் கண்ணை எடுக்கக் கூடாது."

வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் வேலை முடிந்து வந்து தூக்கினாலே வீறிட்டு அழுவாள். புலி வாடைதான் காரணம் என்று மனைவி முடிவுகட்டிவிட்டாள். பால் கொடுக்கிற வீட்டுக்குள் புலி வரக் கூடாது, வருகிற புலி வாசலோடு நிற்கட்டும் என்றாள். நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து வாங்கிவந்து, கொல்லைக் கதவுக்கு வெளியே படிக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பி ஒரு குவளையும் போட்டாள். அவர் கொல்லைப் பக்கமாக வந்து, கை கால் முகம் கழுத்தெல்லாம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அவருக்கு வாங்கிப் போட்ட பூட்டு அது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் தினமும் வராத தெரு. அதனால் தொட்டி குறையக் குறைய அவள் மேலே ஊற்றி நிரப்பிவைப்பாள். குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றினாள், அழுக்குத் தண்ணீர் அல்ல. அடி காணும்படி அதைக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, பகலெல்லாம் தொட்டி தேய்த்துவிட்டு வருகிற அவருக்கும் தோன்றவில்லை.

மகள் வளர்ந்து அழுகையை நிறுத்தினாள். தொட்டி மட்டும் அங்கேயே நிலைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் கொல்லைப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அப்பா கழுவி முடித்ததும், "கையைக் காட்டு" என்பாள். நீட்டிய கையை உள்ளங்கை புறங்கை என்று புரட்டி மோந்து பார்ப்பாள். சில நாள் பாஸ், சில நாள் பெயில். பெயில் என்றால் இன்னொரு தடவை சோப்புப் போட வேண்டும். வேலை செய்கிற இடத்தில் அதிகாரியிடம்கூட அவர் அப்படிக் கைகட்டி நின்றதில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவர் வேலைக்கே போய்வந்தார் என்றால் மிகையில்லை.

ஒருநாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனிதனுக்கு மிகவும் ஆபத்தான விலங்கு எது என்று வகுப்பில் பேசச் சொன்னார்களாம். வேறு யார் பேசுவார்கள், புலிக்குட்டிதான் எழுந்து பேசினாள். நகத்தின் நீளம், பல்லின் நீளம், பூட்டு, கதவு எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நன்றாகப் பேசினாய், ஆனால் விடை தப்பு என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"கொசுவாம்ப்பா. அதுதான் நிறைய பேரைக் கொல்லுதாம். எல்லாரும் சிரிச்சாங்க."

அவருக்கே ரோஷம் வந்தது. தன் புலியை யாரோ பூனை என்று சொல்லிவிட்டதுபோல இருந்தது.

"கொசுவுக்கு யாராவது ரெண்டு கதவு போட்டு ரெண்டு பேர் காவல் நிப்பாங்களா? நாளைக்குப் போய் உங்க டீச்சர்கிட்ட கேளு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கெண்டைக்காலைச் சொறிந்தாள். சொறியாதே, புண்ணாகிவிடும் என்று அவர் அதட்டினார்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு கொதித்தது, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். கணவனும் மனைவியும் மாறி மாறி நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள். அவர் வேலைக்குப் போகவில்லை. பிறகு ஒரு காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மனைவி பெருமூச்சு விட்டாள். மகள் எழுந்து உட்கார்ந்து, ரெண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் இருக்கும் என்று நினைத்தார்கள். இனி இரத்தப் பரிசோதனை எதற்கு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அவர் வேலைக்குக் கிளம்பினார்.

கூண்டில் இருக்கும்போது போன் வந்தது. இத்தனை வருஷம் எந்தப் போனுக்கு மனைவி பயந்தாளோ அந்தப் போன். ஆனால் அதில் அழுதது அவள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளின் கை கால் சில்லிட்டிருந்தது. பல்லோரத்தில் இரத்தம் கசிந்தது. நர்சுகள் ஓடினார்கள், பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றினார்கள். டெங்கு என்றார் டாக்டர். காய்ச்சல் விட்ட பிறகு ஏன் விட்டுவிட்டீர்கள், விடுகிற நேரத்தில்தானே கவனமாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது புலிக்காரருக்குத் தான் எடுத்த பாடம்தான் காதில் கேட்டது. சும்மா படுத்துக் கிடக்கும்போதுதான் கண்ணை எடுக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் அவர். சொன்ன ஆளே கண்ணை எடுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் மகள் போய்விட்டாள்.

தெருவே சாக்கடையைத் திட்டியது. மனைவி தலைவிரிகோலமாகப் போய் அந்தச் சாக்கடையின் முன்னால் நின்று, என் பிள்ளையைத் தின்றாயே என்று மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு நகராட்சியிலிருந்து புகை மருந்து அடிக்க வந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கூடவே வீடு வீடாகச் சோதனை போட ஒரு பெண் வந்தாள். கையில் டார்ச் லைட்டும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியும். வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துதான் வந்திருந்தாள், அதனால் தலை நிமிராமல் வேலையைப் பார்த்தாள். கொல்லைக்குப் போனவள் திரும்பி வர நேரமாகியது.

அவர் எழுந்து போனார். அவள் கரண்டியில் மொண்டு வைத்திருந்தாள். கிள்ளிப் போட்ட நூல்துண்டுகள் மாதிரி ஏதோ தண்ணீரில் துள்ளித் துள்ளி நெளிந்தன. தொட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டினாள். கணக்கில்லை. பக்கத்தில் மகள் உட்காரும் படி.

பின்னாலேயே வந்து நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள். "அது நல்ல தண்ணியாச்சே. நான் தினமும் ஊத்தினேனே."

"இந்தக் கொசு சாக்கடையில வராதுங்க. நல்ல தண்ணியிலதான் வரும்" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று முகம் சுருங்கி, தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் முந்திக்கொண்டார். தொட்டி தன்னுடையது, தனக்காக வைத்தது, கழுவியிருக்க வேண்டியது தான்தான் என்றார். புலிக்குத் தேய்த்த தேய்ப்பில் பத்தில் ஒரு பங்கு இதைத் தேய்த்திருந்தால் போதுமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. வைக்கச் சொன்னது நான் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. பாரம் என்றால் ஆளுக்குப் பாதியாகத் தூக்கலாம், இதை அப்படிப் பங்கு போட முடியவில்லை. இரண்டு பேருக்கும் முழுசாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். புலி அவரைக் கண்டதும் எழுந்து வந்து கம்பியோரம் நின்றது. வெளியே பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். அதில் ஒரு சிறுமி, இங்கேயே ரொம்ப ஆபத்தானது இதுதானா என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவர் மீசையைத் தடவிக்கொண்டு பதில் சொல்வார். இன்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், பூட்டை இழுத்துப் பார்த்தார். "பூட்டியாச்சு" என்று கூட்டாளிதான் அவருக்கும் சேர்த்துச் சொன்னான்.

சாயங்காலம் வழக்கம்போலக் கொல்லைப் பக்கமாக வந்து நின்றார். தொட்டியை மனைவி அப்புறப்படுத்தியிருந்தாள், அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. எங்கே கழுவுவது என்று தெரியவில்லை. புலி வாடையோடு கைகளை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். கதவைத் திறந்த மனைவி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமும் தப்பான ஆளுக்காகப் பயந்துட்டேங்க" என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், "பேசாம அந்தப் புலி உங்களையே அடிச்சிருக்கலாம்" என்றாள்.

அவர் யோசிக்கவே இல்லை. "அடிச்சிருக்கலாம்" என்றார்.

அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். அவர் கழுவாத கையோடு உள்ளே போய், மகளின் கட்டிலில் உட்கார்ந்தார். வீடெல்லாம் புலி வாடை அடித்தது. யாரும் பெயில் போடவில்லை.