கேட்டில் அணைத்த வண்டி

ஆறு மைல் ஓட்டி வந்து வீட்டு வேப்பமரத்தடியில் காரை நிறுத்திய அந்தோணிமுத்து, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

“எழுதிக்கோ,” என்றார் மகளிடம். “பதினோராவது வாட்டி.”

அருள்ஜோதி நோட்டில் நேரத்தைக் குறித்தாள். காலையில் ஒரே திருப்பில் கிளம்புகிற வண்டி. ஓடிச் சூடேறி நின்றால்தான் வீம்பு பிடிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

எண்பத்தாறாம் வருடத்துப் பியட் அது. பீங்கான் ஆலையில் சூளை ஃபிட்டராக இருந்தபோது பழைய வண்டியாக வாங்கி, தன் ஆசைக்கு மாற்றியிருந்தார். பெரிய கார்புரேட்டர், அகல டயர், பானெட்டில் வெட்டிய இரண்டு காற்றுவாய், தானே வளைத்து வெல்டு வைத்த புகைக்குழாய், கண்ணை உறுத்தும் சிவப்பு. மூன்று வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்ததை இந்தத் தை மாதம் வெளியே இழுத்தார். துருவைச் சுரண்டினார், சீட்டுத் தைத்தார், பழைய சிவப்பையே தேடிப்பிடித்து அடித்தார். எதற்காக என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் கோவிந்தசாமி மட்டும் தினமும் வந்து நின்று பார்ப்பார். ஆலையில் அந்தோணிமுத்துவோடு வேலை பார்த்தவர். இன்றும் வந்து நின்றார்.

“தேரு மாரி ஜோடிச்சிட்ட அந்தோணி. தேரு மாரியே நாலு பேரு தள்ளணும், அதான் கொற.”

“நீ மொதல்ல ஒன் டிவிஎஸ்ஸ ஸ்டாண்டு போட்டு நிறுத்து. அதுவே ஒன்னைய நம்பி நிக்காது.”

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா விமலாராணி சிரித்தாள். சிரிப்பு முகத்தின் இடது பக்கம் மட்டும் வந்தது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம், துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்கு வாய் கோணியது. ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கடலூர் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றதும் அப்பா பியட்டை எடுத்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்றால் என்ஜினை அணைப்பது அவருடைய கை பழகிய பழக்கம். அன்றும் கை தானாகப் போய் அணைத்தது. கூட்ஸ் வண்டி போய், கேட் திறந்து, மற்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. பியட் கிளம்பவில்லை. ஒரு வேன் கிடைத்து அம்மாவை அதில் மாற்றுவதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார். அதன்பிறகு அப்பா அந்தச் சாவியைத் தொடவில்லை.

இந்த நான்கு மாதத்தில் அவர் காயிலை மாற்றினார். கண்டென்சரை, பிளக்கை, பேட்டரியை மாற்றினார். அருள்ஜோதி பக்கத்தில் நின்று நேரம் எழுதினாள்.

அவளுக்குக் காரணம் தெரியும். பெட்ரோல் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போகிறது. ஓடும்போது பெட்ரோல் நகர்ந்துகொண்டே இருப்பதால் தாங்குகிறது. நின்றதும் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்பால் ஆவியை இழுத்துத் தள்ள முடியாது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்து வெப்பவியல். பம்பிலும் குழாயிலும் ஈரத் துணி போட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகும்.

அன்று கேட்டிலும் தெரியும். அம்மாவின் தலை அவள் மடியில் இருந்தது. பானெட்டைச் சுற்றி ஆறேழு ஆண்கள். காயில் என்றார் ஒருவர், பிளக் என்றார் இன்னொருவர், தள்ளிப் பார்ப்போம் என்று இரண்டு பேர் பின்னால் வந்தார்கள். “அப்பா, ஈரத் துணி…” என்று அவள் சொன்னது கார்க் கண்ணாடியைக்கூடத் தாண்டவில்லை. இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். இறங்கிப் போயிருக்கலாம். அம்மா தலையை எப்படி இறக்கி வைப்பது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அத்தனை ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருந்தது.

இப்போது வண்டிக்கு வைத்தியம் சொன்னால், அன்றே தெரிந்திருந்ததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அதனால்தான் நோட்டில் நேரம் மட்டும் எழுதினாள்.

அந்தோணிமுத்து சாவியை உருவினார். “போதும்மா. நாளைக்கி பழைய இரும்புக்காரன வரச்சொல்றேன். நான் கைய வச்சதாலதான இது இப்பிடி ஆச்சி. கம்பெனிக்காரன் குடுத்தாப்புல வுட்டிருந்தா ஒங்கம்மா இன்னைக்கி நடந்துகிட்டு இருப்பா.”

சொல்லிவிட்டு மனைவி இருந்த பக்கம் பார்க்காமல் கையைத் துடைத்தார்.

அருள்ஜோதி உள்ளே போனாள். அம்மாவின் பழைய துண்டை வாளியில் முக்கி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து பம்பின் மேல் சுற்றினாள். மீதியைக் குழாயின் மேல் போட்டாள். ஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து நிமிடம் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“இப்ப திருப்புங்கப்பா.”

இரண்டாவது சுற்றில் பிடித்தது.

“அட,” என்றார் கோவிந்தசாமி. “காலேஜி படிப்பு.”

அந்தோணிமுத்து வெகுநேரம் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “இவ்ளோதானா,” என்றார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. மறுநாள், சூடு வெளியே வராமலிருக்கச் சூளைக் கதவுக்கு வைக்கும் வெள்ளைப் பஞ்சை ஆலையிலிருந்து வாங்கிவந்து புகைக்குழாயைச் சுற்றிக் கட்டினார். முப்பது வருடம் சூளைகளுக்குக் கட்டிய கை. பெட்ரோல் குழாயை ஒரு சாண் தள்ளி மாற்றினார். அந்த வாரம் முழுவதும் அவளிடம் ஸ்பானர் கேட்டதைத் தவிர அதிகம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் கடலூர் சாலையில் விட்டார். பின்சீட்டில் அம்மாவும் அருள்ஜோதியும். கேட் மூடியிருந்தது. அவர் என்ஜினை அணைத்தார். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, பார்த்து அணைத்தார்.

கூட்ஸ் வண்டி கரியோடு போனது. ஒவ்வொரு பெட்டியாக எண்ண ஆரம்பித்து அருள்ஜோதி நாற்பதோடு விட்டுவிட்டாள். கேட் ஏறியது. சாவியைத் திருப்பினார். உடனே பிடித்தது.

ஆனால் கியர் போடவில்லை. கண்ணாடியில் மகளைப் பார்த்தார்.

“அன்னைக்கி ஒங்கையில தண்ணி பாட்டல் இருந்துச்சில்ல?”

“இருந்துச்சிப்பா.”

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சிவப்பு பானெட் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா இடது கையை நீட்டினாள், தண்ணீருக்கு. அருள்ஜோதி பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தாள். பாதி உள்ளே போயிற்று. மீதி வலது கடைவாய் வழியாக இறங்கி, அம்மா மடியில் விரித்திருந்த துண்டை நனைத்துக்கொண்டே இருந்தது.