வெள்ளைப் புகை

உபைதுல்லாவுக்கு விருதுநகரில் பருப்பு மண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாஃப்ட்பால் அம்பயர். அவர் கண்ணுக்கு ஒரு மயிரிழை தப்பாது என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு. கேட்டுக் கேட்டு அவருக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அன்றைக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பெண்கள் இறுதி ஆட்டம். இரண்டாயிரத்து ஆறு, தீபாவளி சீசன்; பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஞாயிறும் வேலை. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்த அணியின் பொன்மணி இரண்டாவது பேஸில் நின்றாள்; மூன்றாவதையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்துவிட்டால் ஒரு ஓட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி, அதை வைத்து விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ். தோற்றால் ப்ளஸ் டூ முடிந்த கையோடு அம்மாவுடன் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். அவளுடைய டீச்சர் இதைக் காலையிலேயே சொன்னபோது, "அதெல்லாம் என்கிட்டச் சொல்லாதீக. எனக்குப் பந்து மட்டுந்தான் தெரியும்" என்று இவர் பெரிய மனுஷத்தனமாகப் பேசியிருந்தார்.

மட்டை பிடித்தவள் அடித்த பந்து தரையோடு உருண்டு எதிரணி சனாவிடம் போனது. பொன்மணி மூன்றாவது பேஸுக்குப் பாய்ந்தாள். அந்த நேரம் பார்த்து மேற்கே டமாரென்று ஒரு சத்தம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும். புகையைத்தான் தேடுவார்கள். வெள்ளையாக எழுந்தால் எவனோ வெடியைச் சோதித்துப் பார்க்கிறான். கறுத்து எழுந்தால் பட்டாசு ஷெட்டு போச்சு. உபைதுல்லாவின் தலையும் திரும்பியது.

மறுபடி பார்க்கும்போது பொன்மணியும் சனாவும் மண்ணில் கிடந்தார்கள். பந்து பின்னால் தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது.

பந்தை எடுக்கப் போன சனாவைப் பொன்மணி இடித்திருந்தால் பொன்மணி அவுட். பந்து தாண்டிப் போனபிறகு சனா வழியில் நின்றிருந்தால் தப்பு சனாவுடையது, பொன்மணிக்கு ஓட்டம் கிடைக்கும், ஆட்டம் சமன். எது முந்தி என்று உபைதுல்லாவுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் இன்னொரு அம்பயரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அதற்கும் விதி உண்டு. அந்த இன்னொரு அம்பயர் கண்ணுச்சாமி மூன்றாவது பேஸ் பக்கத்திலேயேதான் நின்றார். ஆனால் மாவட்டமே மெச்சுகிற கண், பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லும்? அவர் கை மேலே போனது.

"அவுட்!"

ஆட்டம் முடிந்தது. பொன்மணி ஓடி வந்தாள். "சார், பந்து அவ காலைத் தாண்டிப் போயிருச்சு சார். அப்புறந்தான் இடிச்சோம்."

"வேணும்னு இடிச்சாலும் தெரியாம இடிச்சாலும் அவுட்டுதாம்மா. விதி அப்படி."

அவள் கேட்டது அது இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டது உபைதுல்லாவுக்கே நாக்கில் கசந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

கோப்பை கொடுக்கிற நேரத்தில் அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எம்புட்டுக் கழுவியும் முகம் எரிந்தது. பக்கத்தில் பொன்மணி முழங்கைச் சிராய்ப்பைக் கழுவ வந்தாள். அழுது முடித்த கண்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கிறாதீக."

"கேளு தாயி."

"அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல? எங்கம்மா வேலை பாக்கிற கம்பெனி அந்தப் பக்கந்தான். நான் பந்துலயே கண்ணா ஓடிட்டேன், திரும்பிப் பாக்கலை. பொகை கறுப்பா சார், வெள்ளையா?"

"வெள்ளைதாம்மா. நல்லாப் பாத்தேன். பயப்படாத."

"அப்பாடா" என்று அவள் நெஞ்சில் கைவைத்தாள். குனிந்து குழாயைத் திறந்தவள், அப்படியே நின்று நிமிர்ந்தாள்.

"நீங்க பொகையையா சார் பாத்தீக?"

உபைதுல்லா ஆமென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

"அப்ப எதுக்கு சார் கையத் தூக்குனீக?"

அந்தப் பக்கம் சனாவின் கையில் கோப்பையைக் கொடுத்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.