மேலாளர் சேர்த்த ‘எ’

பூட்டுத் தொழிற்சாலையின் மேலாளருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவரே தினமும் நாலு தடவை சொல்லிவிடுவார். ஓர் ஆங்கிலச் சொல் முன்னால் ‘எ’யோ ‘தி’யோ இல்லாமல் வருவது, ஆள் சட்டையில்லாமல் வேலைக்கு வருவது மாதிரி என்பது அவர் கொள்கை.

அங்கே கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். தலைமை அலுவலகம் மேலாளரிடம் நற்சான்று கேட்டது. தட்டச்சு செய்யும் அம்மா எழுதி நீட்டிய கடிதத்தில், “ஹி மேக்ஸ் ஃபியூ மிஸ்டேக்ஸ்” என்று ஒரு வரி. தவறு செய்வதே அரிது என்று பொருள்.

மேலாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“என்னம்மா, ‘ஃபியூ’ மொட்டையா நிக்குது?” முன்னால் ஓர் ‘எ’ போட்டார்.

“சார், ‘எ ஃபியூ’ன்னா அர்த்தம் மாறிடும். சில தப்பு பண்றவர்னு ஆயிடும்.”

“நீங்க டைப் அடிங்க. கிராமரை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: கிடங்குப் பொறுப்பாளர் செய்யும் அந்தச் சில தவறுகள் எவை? ஒரு வாரத்தில் பட்டியல் தரவும்.

பத்தொன்பது வருடமாக ஓர் ஆணியைக்கூடத் தொலைக்காத மனிதர், மேலாளர் அறைக்கு ஓடினார்.

“நான் என்ன சார் தப்பு பண்ணேன்?”

“அதை நீதான்ப்பா சொல்லணும். ரெண்டு சின்னத் தப்பா யோசிச்சு எழுதிக் குடு. ஒண்ணுமே இல்லன்னா என் லெட்டர் பொய்னு ஆயிடாதா?”

எவ்வளவு நியாயமான கவலை!

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு, “தப்புப் பட்டியலா? என்னைக் கேட்டா ஒரு நோட்டே நிரப்பித் தருவேன்” என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் கை வைக்காமலே எழுந்தார். அவள் குரல் மாறியது. “என்னங்க, செய்யாத தப்புக்கு எதுக்குக் கையெழுத்து? நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க.”

மறுநாள், சிவப்பு மை போட்ட அந்தப் பழைய தாளைத் தட்டச்சு அம்மாவிடம் வாங்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

“இந்த ‘எ’ யாரு போட்டது?”

“மேலாளர் சார். இலக்கணத்துல ரொம்பக் கண்டிப்பு.”

அதிகாரி ‘எ’யைக் கோடு போட்டு அடித்தார், பதவி உயர்வில் கையெழுத்திட்டார். கையோடு, மேலாளரை ஆறு வார ஆங்கிலக் கடிதப் பயிற்சிக்கும் அனுப்பினார். பாடம் நடத்தத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே மேலாளர் புறப்பட்டுப் போனார்.

பதவி உயர்ந்து புது நாற்காலியில் உட்கார்ந்த கிடங்குப் பொறுப்பாளர் முதல் வேலையாகத் தட்டச்சு அம்மாவின் மேசைக்கு நேர்மேலே ஒரு மின்விசிறி மாட்டச் சொன்னார்.